ரெண்டு பெரிய நகரத்துக்கு நடுவுல மாட்டுன ஊர் தன்னை என்னன்னு சொல்லிக்கும்?

கேள்வி இதுதான்: ஒரு சின்ன நகரத்துக்குப் பக்கத்துல ஒண்ணோ ரெண்டோ பெரிய நகரம் இருக்கு, அப்போ "நாங்க இந்தப் பக்கத்து ஆளுங்க"ன்னு அந்த ஊர் ஜனங்க சொல்லிக்கிறத அந்தப் பெரிய நகரம்தான் தீர்மானிக்குதா, எது கிட்ட இருக்கோ அந்தப் பக்கமே சாய்ஞ்சிடுமா?

சாயும், ஆனா ஒரே பக்கமா சாயாது. பெரிய நகரம் ஒரு காந்தம், சின்ன நகரம் ஒரு ஆணி, அப்படின்னு பலர் நினைக்கிறாங்க. நிஜத்துல வேலை ஒரு பக்கம் இழுக்கும், டிவி இன்னொரு பக்கம் இழுக்கும், எந்த டீமுக்குக் கத்துறோம்ங்கிறது மூணாவது பக்கம் போகும், பேச்சு வழக்கு முந்நூறு வருஷம் முன்னாடி இருந்த எல்லையப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இந்தக் கோடுங்க ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காராத இடத்துலதான் ஒரு ஊரோட தனி அடையாளம் உருவாகுதுங்கிறது என்னோட கருத்து. இத உதாரணம் இல்லாம சொன்னா வெறும் பேச்சா போயிடும், அதனால ஊர் ஊரா போவோம்.

ட்ரென்டன்ல ஆரம்பிக்கலாம். அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்தோட தலைநகரம், ஜனத்தொகை ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. வடக்க நியூயார்க், தெற்க ஃபிலடெல்ஃபியா. நியூயார்க்ல இருந்து வர்ற நியூஜெர்சி ட்ரான்சிட் ரயில் இந்த ஸ்டேஷனோட முடியுது, ஃபிலடெல்ஃபியாவுல இருந்து வர்ற செப்டா ரயிலும் இதே ஸ்டேஷனோட முடியுது. லோக்கல் ரயில்லயே ஒரு நகரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போகணும்னா இங்க இறங்கி மாறணும். ரெண்டு நகரத்தோட கையும் நீண்டு வந்து தொடுற விரல் நுனிதான் ட்ரென்டன். டிவி விஷயத்துல அந்த ஊர் ஃபிலடெல்ஃபியா மார்க்கெட். அதே மாநிலத்தோட வடக்குப் பாதி முழுக்க நியூயார்க் மார்க்கெட். யோசிச்சுப் பாருங்க, ஒரு மாநிலத்தோட தலைநகரத்துல உக்காந்து டிவி போட்டா பக்கத்து மாநிலத்து நகரத்தோட தீ விபத்து, மேயர் தேர்தல், மழை நிலவரம்தான் முதல்ல வரும். அந்த மாநிலத்துல "வடக்கு ஜெர்சி, தெற்கு ஜெர்சி"ன்னு ஒரு பிரிவு எப்பவும் பேச்சுல இருக்குறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். நடுவுல இருக்குறவங்க "இல்ல, சென்ட்ரல் ஜெர்சின்னு ஒண்ணு இருக்கு"ன்னு வாதாடுறதும் இதனாலதான், ரெண்டு பக்கமும் சேராதவங்களுக்கு நிக்க ஒரு இடம் வேணும்ல.

இந்தக் கோடுகள யார் போடுறாங்கன்னு கவனிக்கணும். டிவி மார்க்கெட் எல்லைய நீல்சன் கம்பெனி விளம்பரம் விக்கிறதுக்காகப் போட்டுச்சு, அமெரிக்காவ 210 மார்க்கெட்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒரு கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு, எந்தப் பெருநகரப் பகுதில சேரும்ங்கிறத அரசாங்கம் வேலைக்குப் போய் வர்ற கணக்க வெச்சு முடிவு பண்ணுது, வேலை பாக்குறவங்கள்ல 25 சதவீதம் பேர் மையக் கவுண்டிகளுக்குப் போனா உள்ள சேத்துடுவாங்க. ரயில் எங்க நிக்கணும்ங்கிறத ரயில்வே முடிவு பண்ணுது. இதுல ஒருத்தரும் "இந்த ஊர் ஜனங்க மனசுல தங்கள யாருன்னு நினைக்கிறாங்க"ன்னு கேட்டுட்டுக் கோடு போடல. ஆனா முப்பது நாப்பது வருஷம் அந்தக் கோட்டுக்குள்ள வாழ்ந்தா மனசும் அந்தக் கோட்டுக்கு ஏத்த மாதிரி மாறிடுது.

கனெக்டிகட் இதுக்கு இன்னும் நல்ல உதாரணம். மாநிலத்தோட தென்மேற்கு மூலையில இருக்குற ஃபேர்ஃபீல்ட் கவுண்டி டிவில நியூயார்க் மார்க்கெட், மத்த இடமெல்லாம் ஹார்ட்ஃபோர்ட், நியூ ஹேவன் மார்க்கெட். நியூ ஹேவன்ல இருந்து கடற்கரையோரமா நேரா நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலுக்கு ரயில் போகுது, அந்த லைன்ல இருக்குற ஊரெல்லாம் நியூயார்க் பக்கம் பாக்குது. கிழக்க போகப் போக பாஸ்டன் காத்து அடிக்க ஆரம்பிக்கும். பேஸ்பால்ல நியூயார்க் டீமான யாங்கீஸ் ரசிகர்கள் எங்க முடிஞ்சு பாஸ்டன் டீமான ரெட் சாக்ஸ் ரசிகர்கள் எங்க ஆரம்பிக்கிறாங்கன்னு இந்த மாநிலத்துக்குக் குறுக்க ஒரு கோடு போடுறது அங்க ரொம்ப நாளா நடக்குற வாக்குவாதம். ஒரே தெருவுல, சில வீட்டுல ஒரே சாப்பாட்டு மேசையில கூட அந்தக் கோடு ஓடும்.

நடுவுல இருக்குற ஹார்ட்ஃபோர்ட் சொந்தமா ஒரு டீம் வேணும்னு எவ்வளவோ முயற்சி பண்ணுச்சு. வேலர்ஸ்னு ஐஸ் ஹாக்கி டீம் இருந்தது, 1997ல வட கரோலைனாவுக்குப் போயிடுச்சு. அடுத்த வருஷமே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஹார்ட்ஃபோர்டுக்கு வர்றதா ஒப்பந்தம் ஆச்சு, 1999ல அதுலயும் பின்வாங்கி பாஸ்டன் பக்கத்துல ஃபாக்ஸ்பரோவுலயே இருந்துட்டாங்க. டீம் போனது வெறும் விளையாட்டு இழப்புன்னு நினைக்காதீங்க. ஒரு ஊர்ப் பேரு தினமும் மத்த ஊர் செய்தில வாசிக்கப்படுறது, அந்த ஊர்ப் பசங்க அந்தப் பேரு போட்ட சட்டையப் போட்டுட்டுத் திரியறது, இதெல்லாம் "நாங்க ஒரு மையம், யாரோட ஓரமும் இல்ல"ன்னு சொல்லிக்கிறதுக்கு ஆதாரம். அந்த டீம் போய் இத்தனை வருஷம் ஆகியும் அதோட பச்சை நிற லோகோ போட்ட சட்டையும் தொப்பியும் இன்னும் விக்குதுன்னா, ஜனங்க எத இழந்தோம்னு உணர்றாங்கன்னு புரியும்.

இந்த மாதிரி இழுபறிய ஒரு ஃபார்முலாவா எழுத முடியுமான்னு முயற்சி பண்ணவங்க இருக்காங்க. வில்லியம் ரெய்லின்னு ஒருத்தர் 1931ல சொன்னது: ரெண்டு நகரத்துக்கு நடுவுல இருக்குற ஊரோட வியாபாரம் நகரங்களோட ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி கூடும், தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும், புவியீர்ப்பு விதி மாதிரியே. துணி, நகை, ஃபர்னிச்சர் வாங்க எங்க போவாங்கன்னு மதிப்பிட இது ஓரளவு உதவும். ஆனா எங்க பொருள் வாங்குறோமோ அந்த ஊர்க்காரனா ஆயிடுறது இல்லையே. அது வேற கணக்கு.

பொருளாதாரப் பக்கத்துல எனக்கு அதிகம் உதவுன யோசனை வில்லியம் அலோன்சோ 1973ல எழுதுன 'பாரோட் சைஸ்', அதாவது கடன் வாங்குன அளவு. பெரிய நகரத்துக்குப் பக்கத்துல இருக்குற சின்ன ஊர் அந்தப் பெரிய நகரத்தோட ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, வேலைச் சந்தை எல்லாத்தையும் தன்னோடதாப் பயன்படுத்திக்கலாம், அதே நேரம் நெரிசலும் வாடகையும் கம்மி. அதனால தன்னோட அளவுக்கு மீறி அந்த ஊர் வளரும். இதுக்கு நேர் எதிரா 'நிழல்'னு ஒரு வாதமும் இருக்கு, பெரிய மரத்தடியில சின்னச் செடி வளராத மாதிரி, பெரிய தியேட்டர், பெரிய கடை, பெரிய பத்திரிகை எல்லாம் பக்கத்து நகரத்துலயே இருக்குறதால சின்ன ஊர்ல அது எதுவுமே முளைக்காது. ரெண்டுமே உண்மை, ஒரே ஊர்ல ஒரே நேரத்துல ரெண்டும் நடக்கும். மக்களுக்கு வேலையும் சம்பளமும் கிடைக்குது, ஆனா ஊருக்குன்னு ஒரு நாடகக் குழுவோ ஒரு தினசரியோ நிலைக்கல. சம்பளம் உயருது, ஊரப் பத்திப் பேசுறதுக்கு ஊருக்குள்ள ஆள் இல்ல. அடையாளம் தேய்றது பெரும்பாலும் இந்த வழியாத்தான், வறுமையால இல்ல.

இப்ப மால்மோ. ஸ்வீடன்ல தெற்குக் கோடி, கடல் தாண்டுனா டென்மார்க்கோட கோபன்ஹேகன். ஸ்டாக்ஹோம் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி. இந்தப் பகுதிக்கு ஸ்கோனேன்னு பேரு, 1658 வரைக்கும் டென்மார்க்கோட மண், ரோஸ்கில்டே ஒப்பந்தத்துல ஸ்வீடனுக்குப் போச்சு. அங்க இருந்தவங்கள ஸ்வீடன்காரங்களா மாத்தணும்னு கொஞ்ச வருஷத்துலயே, 1666ல, லுண்ட்ல ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பிச்சாங்க. மொழி மாறுச்சு, ஆனா அவங்க பேசுற ஸ்வீடிஷ்ல 'ர' இன்னும் டேனிஷ் மாதிரி தொண்டையிலதான் வருது. கொடி கூட சிவப்புப் பின்னணில மஞ்சள் சிலுவை, டென்மார்க் சிவப்பும் ஸ்வீடன் மஞ்சளும் சேந்தது. மூணரை நூற்றாண்டா தலைநகரமா இருந்தும் தூரத்துல இருக்குற ஸ்டாக்ஹோம் ஒரு பக்கம், கூப்பிடு தூரத்துல இருக்குற பழைய தலைநகரம் கோபன்ஹேகன் இன்னொரு பக்கம்.

மால்மோ ரொம்ப நாள் கப்பல் கட்டுற ஊர். கோக்கும்ஸ் கப்பல் தளத்துல 138 மீட்டர் உயரத்துல ஒரு ராட்சச கிரேன் நின்னுச்சு, ஊரோட முகமே அதுதான். கப்பல் தொழில் படுத்துச்சு, கடைசில அந்தக் கிரேன ஒரு டாலருக்குத் தென் கொரியாவுக்கு வித்து 2002ல கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. கிட்டத்தட்ட அதே சமயம், 2000 ஜூலை 1ஆம் தேதி, ஓரேசுண்ட் பாலம் திறந்தது. பாலம், செயற்கைத் தீவு, கடலடிச் சுரங்கம் மூணும் சேந்து சுமார் 16 கிலோமீட்டர். ரயில் ஏறுனா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, கோபன்ஹேகன் வந்துடும். 1998ல பல்கலைக்கழகம், 2005ல 190 மீட்டர் உயரத்துல முறுக்குன மாதிரி ஒரு கட்டடம், டர்னிங் டார்சோ, கிரேன் நின்ன மேற்குத் துறைமுகப் பகுதிலயே. தொழிலாளி ஊரா இருந்தது அஞ்சாறு வருஷத்துல "ரெண்டு நாட்டுப் பெருநகரத்தோட ஒரு பாதி"ன்னு தன்னப் பத்திப் பேச ஆரம்பிச்சது.

ஆனா அங்கயும் கோடு ஒத்துப்போகல. வேலை கோபன்ஹேகன்ல, வரி ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி, டிவி செய்தி ஸ்டாக்ஹோம்ல இருந்து, ஃபுட்பால் ஸ்வீடன் லீக்ல, ஏர்போர்ட் டென்மார்க்கோட காஸ்ட்ருப். 2016 ஜனவரில ஸ்வீடன் அடையாள அட்டைச் சோதனை கொண்டு வந்தப்போ தினமும் வேலைக்குப் போய் வர்றவங்க காஸ்ட்ருப் ஏர்போர்ட் ஸ்டேஷன்ல இறங்கி வரிசைல நின்னு அட்டை காட்டி வேற ரயில் மாற வேண்டியிருந்தது. பதினஞ்சு வருஷமா "ஒரே பகுதி"ன்னு பழகுனவங்களுக்கு ஒரே வாரத்துல எல்லை திரும்ப வந்துடுச்சு. அதே 2016லதான் ரெண்டு கரையையும் சேத்துப் பாத்துக்கிட்டிருந்த ஓரேசுண்ட் கமிட்டி தன் பேர 'கிரேட்டர் கோபன்ஹேகன் அண்ட் ஸ்கோனே'ன்னு மாத்திக்கிச்சு. ஓரேசுண்ட்ங்கிறது நடுவுல இருக்குற கடலோட பேரு, யாருக்கும் சொந்தமில்லாத பொதுப் பேரு. அத எடுத்துட்டு ஒரு பக்கத்து நகரத்தோட பேர வெச்சது வெளிநாட்டு முதலீட்டாளருக்கு எளிதாப் புரியலாம், ஆனா கூட்டு அடையாளத்துக்கு அந்தப் பழைய பேருதான் நியாயமா இருந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

அரசியல் எல்லை எவ்வளவு வேகமா ஒரு ஊரத் திருப்பிப் போடும்னு பாக்கணும்னா பிராட்டிஸ்லாவா, இன்னைக்கு ஸ்லோவாக்கியாவோட தலைநகரம். ஆஸ்திரியாவோட தலைநகரம் வியன்னாவுல இருந்து 60 கிலோமீட்டருக்குள்ளதான். பழைய பேரு ஜெர்மன்ல பிரெஸ்பர்க், ஹங்கேரியன்ல போஜோனி. 1563ல இருந்து 1830 வரைக்கும் ஹங்கேரி அரசர்களுக்கு முடிசூட்டுன ஊர். ஜெர்மன், ஹங்கேரியன், ஸ்லோவாக் மூணு மொழியும் தெருவுல கேட்கும். 1914ல வியன்னாவுக்கு மின்சார ரயில் வந்தது, சாயங்காலம் போய் நாடகம் பாத்துட்டு ராத்திரி வீடு திரும்புற அளவு கிட்ட. அஞ்சே வருஷம், 1919ல செக்கோஸ்லோவாக்கியாவோட சேந்து, பிராட்டிஸ்லாவாங்கிற பேரும் அப்பதான் அதிகாரபூர்வமா வந்தது. அப்போ தலைநகரம் 300 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருக்குற பிராக். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இரும்புத் திரை விழுந்து ஊரோட விளிம்புலயே முள்வேலி, டான்யூபுக்கு அந்தக் கரையில கட்டுன பெட்ர்ஜால்கா அடுக்குமாடிகள்ல இருந்து பாத்தா ஆஸ்திரியா வயல் தெரியும், போக முடியாது.

அப்பவும் டிவி அலைய வேலி தடுக்கல. பிராட்டிஸ்லாவாக்காரங்க ஆன்டெனாவத் திருப்பி வெச்சு ஆஸ்திரியா டிவி பாத்தாங்க, ஜெர்மன் காதுல பழகிச்சு, மேற்கத்திய விளம்பரங்கள் தெரிஞ்சிருந்தது. போக முடியாத நகரம் வீட்டுக்குள்ள தினமும் வந்துச்சு. மத்த ஸ்லோவாக் ஊர்கள்ல இருந்து "நாங்க வேற மாதிரி"ன்னு இந்த ஊர்க்காரங்க நினைச்சதுக்கு அந்த ஆன்டெனாவும் ஒரு காரணம்னு சொல்லுவேன். 1989ல வேலி போச்சு, 2004ல ஐரோப்பிய யூனியன், 2007 டிசம்பர்ல ஷெங்கன், அதாவது உறுப்பு நாடுகளுக்கு நடுவுல பாஸ்போர்ட் சோதனை வேண்டாம்ங்கிற ஏற்பாடு, அதோட எல்லைச் சோதனை நின்னுச்சு. அப்புறம் நடந்தது பலர் எதிர்பாக்காதது. ஸ்லோவாக் குடும்பங்க எல்லை தாண்டி ஆஸ்திரியாவுல ஹைன்பர்க், கிட்ஸே மாதிரி ஊர்கள்ல வீடு வாங்கி, அங்க இருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு வேலைக்கு வர ஆரம்பிச்சாங்க. அதாவது வியன்னாவோட நிழல்ல இருக்குற ஊர்னு நாம நினைச்ச நகரமே இன்னொரு நாட்டு கிராமங்களுக்கு இப்ப பெரிய நகரம். அதனால யாரும் எப்பவும் சின்ன நகரம்னு இல்ல, யாரோட நின்னு அளக்குறோம்ங்கிறதப் பொறுத்தது அது.

எதிர்ப்புல இருந்து பிறக்குற அடையாளமும் ஒண்ணு இருக்கு, அத விட்டா பதில் பாதிதான். அமெரிக்காவுல பிராவிடன்ஸ் 1636ல பிறந்ததே பாஸ்டன் இருக்குற மாசசூசெட்ஸ்காரங்க துரத்திவிட்ட ரோஜர் வில்லியம்ஸாலதான். இன்னைக்கு பாஸ்டனுக்கு தினசரி ரயில் ஓடுது, ரெட் சாக்ஸ் அவங்க டீமும்தான், ஆனாலும் தனி டிவி மார்க்கெட், தனி மாநிலம், "நாங்க பாஸ்டன் இல்ல"ங்கிறதுல உறுதி. இங்கிலாந்துல சண்டர்லாண்ட் இன்னும் கூர்மையான கேஸ். நியூகாசில்ல இருந்து இருபது கிலோமீட்டருக்குள்ள. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்ல நியூகாசில் அரசர் பக்கம், சண்டர்லாண்ட் நாடாளுமன்றம் பக்கம், அதுக்கு அடியில நிலக்கரி வியாபாரத்துல நியூகாசிலுக்குக் கிடைச்ச சலுகை மேல இருந்த கோபம். ஆனா சண்டர்லாண்ட்காரங்களுக்கான 'மேக்கம்'ங்கிற பேரு பரவலானது 20ஆம் நூற்றாண்டின் பின்பாதிலதான். அதுக்கு முன்னாடி வெளியாளுங்க அந்தப் பக்கத்துல எல்லாரையும் நியூகாசில்காரங்களுக்கான 'ஜியோர்டி'ங்கிற பேர்லயே கூப்பிட்டுட்டு இருந்தாங்க. 1974ல அரசாங்கம் ரெண்டு நகரத்தையும் 'டைன் அண்ட் வியர்'னு ஒரே கவுண்டில போட்டுச்சு, அதுக்கு முன்னாடி நியூகாசில் நார்தம்பர்லண்ட்லயும் சண்டர்லாண்ட் டர்ஹம்லயும் இருந்தது. ஒண்ணா சேத்த அதே காலகட்டத்துலதான் "நாங்க வேற"ங்கிறதுக்கு ஒரு தனிச் சொல்லே ஊனி நின்னுச்சு, அது தற்செயல்னு எனக்குத் தோணல. மெட்ரோ ரயில் சண்டர்லாண்டுக்கு வந்தது 2002ல. ரயில் வந்ததால அந்த வேறுபாடு கரையல, மேட்ச் அன்னைக்குப் போய்ப் பாத்தா தெரியும்.

இதுக்கு நேர் எதிர் முனையில யோகோஹாமா. சின்ன நகரம்னு சொல்லவே முடியாது, 37 லட்சத்துக்கும் மேல ஜனம், ஜப்பான்ல ரெண்டாவது பெரிய நகரம், ஆனா டோக்கியோ பக்கத்துல இருக்குறதால பகல்ல ஜனத்தொகை குறையும், அவ்வளவு பேர் வேலைக்கு வெளிய போறாங்க. இந்த மாதிரி ஜனங்களுக்கு ஜப்பானியத்துல ஒரு சொல்லே இருக்கு. டோக்கியோவுக்குப் பக்கத்து மாகாணமான சிபால வீடு, வாழ்க்கை முழுக்க டோக்கியோன்னா 'சிபா தோமின்', அதாவது சிபாவுல இருக்குற டோக்கியோ குடிமகன். நாராவுல இருந்து ஒசாகாவுக்குப் போறவங்களுக்கும் அதே மாதிரி 'நாரா ஃபுமின்'. ஆனா யோகோஹாமாக்காரங்க எந்த ஊர்னு கேட்டா மாகாணப் பேரான கனகாவாவச் சொல்ல மாட்டாங்க, டோக்கியோவும் சொல்ல மாட்டாங்க, யோகோஹாமான்னுதான் சொல்வாங்கன்னு ஜப்பான் முழுக்க ஒரு பேச்சு உண்டு. ஏன் இவங்க மட்டும் கரையலன்னா, 1859ல வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த துறைமுகம், நாட்டோட முதல் ரயில் 1872ல ஓடுன ஊர், அந்தக் கதை டோக்கியோவோட கதைல இருந்து கடன் வாங்காதது. நகராட்சியும் சும்மா இருக்கல, 1983ல மினாடோ மிராய் திட்டத்த ஆரம்பிச்சதுக்கு ஒரு நோக்கமே ஆபீசும் வேலையும் ஊருக்குள்ளயே வரணும், டோக்கியோவ நம்பி இருக்கக்கூடாதுங்கிறது. சொந்தக் கதையும் அதைக் காப்பாத்த ஒரு நிர்வாகமும் ரெண்டும் இருந்தா பக்கத்து நகரம் எவ்வளவு பெருசா இருந்தாலும் தாங்கும்.

இன்னொரு விஷயம், யார் கேக்குறாங்கங்கிறதப் பொறுத்து பதில் மாறும். வெகு தூரத்துல இருக்குறவன் கேட்டா பெரிய நகரத்தோட பேர், பக்கத்து மாநிலத்துக்காரன் கேட்டா ஊர்ப் பேர், ஊர்க்காரனே கேட்டா தெருப் பேர். இதுல எதுவும் பொய் இல்ல. வில்பர் ஸெலின்ஸ்கிங்கிற புவியியல் அறிஞர் 1980ல வட அமெரிக்க நகரங்களோட டெலிஃபோன் டைரக்டரிய எடுத்து, கடை கம்பெனிங்க பேருல எந்தப் பிராந்தியச் சொல்ல வெச்சிருக்காங்கன்னு எண்ணிப் பாத்து வரைபடம் போட்டார். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா யாரையும் உக்கார வெச்சு "நீ யாரு"ன்னு கேக்கல, காசு போட்டு போர்டு எழுதுனவன் எந்தப் பேர நம்புனான்னு பாத்தார். உங்களுக்கு ஆர்வம் உள்ள ஊருக்கும் இத செஞ்சு பாக்கலாம்: கடைப் பேரு, ரேடியோ ஸ்டேஷன் தன்னை எந்தப் பகுதின்னு சொல்லிக்குது, கடைசி ரயில் எந்த நகரத்துல இருந்து வருது, பெரிய ஆபரேஷன்னா எங்க போறாங்க. நாலும் ஒரே நகரத்தக் காட்டுனா அந்த ஊர் ஏறக்குறைய அதோட புறநகர். வேற வேற காட்டுனா அங்க சுவாரஸ்யமான ஒண்ணு நடந்துட்டிருக்கு.

இந்தப் பேரு விஷயம் கோர்ட் வரைக்கும் போனது ஓக்லாண்ட்ல. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோ, நடுவுல 1936ல கட்டுன பாலம். ஓக்லாண்ட்ல பல வருஷம் ஆடுன கூடைப்பந்து டீம் தன் பேருல ஓக்லாண்ட வெக்காம 'கோல்டன் ஸ்டேட்'னு வெச்சுக்கிட்டு 2019ல பாலம் தாண்டிப் போச்சு, ஃபுட்பால் டீம் 2020ல லாஸ் வேகாஸ், பேஸ்பால் டீமும் 2024 சீசனோட கிளம்பிடுச்சு. அதே 2024ல ஓக்லாண்ட் ஏர்போர்ட், வெளியூர் பயணிகளுக்கு நாங்க எங்க இருக்கோம்னே தெரியலன்னு சொல்லி 'சான் ஃபிரான்சிஸ்கோ பே ஓக்லாண்ட்'னு பேர மாத்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோ வழக்குப் போட்டுச்சு, எங்க பேரு எங்களோட டிரேட்மார்க்னு. கோர்ட் இடைக்காலத் தடை குடுத்தது. 2025ல ஏர்போர்ட் வரிசைய மாத்தி 'ஓக்லாண்ட் சான் ஃபிரான்சிஸ்கோ பே'ன்னு வெச்சது, சொந்தப் பேரு முன்னாடி, பக்கத்து நகரத்தோட பேரு பின்னாடி.